மணல் திட்டுக்கும் சொந்தக்காரர் உண்டு

கேள்வி: ஐயா, நான் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருக்கிறேன். தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வயது 62. என் தாத்தா பிரெஞ்சுக்காரர் காலத்தில் சைகோனுக்குக் கப்பலேறி, துவானில், அதாவது சுங்க இலாகாவில், வேலை பார்த்தவர். ஏதோ ஓர் ஆற்றங்கரையில் வெள்ளை உடுப்போடு அவர் நிற்கும் படம் ஒன்று வீட்டில் இருக்கிறது. பின்னால் பென்சிலில் ‘மித்தோ 1931’ என்று எழுதியிருக்கிறது. சாவதற்கு முன் அந்த ஊரை ஒருமுறை பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

என் மகளுக்கு 26 வயது. கணினி வேலை. “சைகோனுக்கு விமானத்தில் போய் இறங்குவதில் என்னப்பா இருக்கிறது, லாவோஸில் தொடங்கி மீகாங் ஆற்றோடு கடல் வரைக்கும் போவோம்” என்கிறாள். இரவெல்லாம் ஆற்று மணல் திட்டில் டென்ட் போட்டுத் தூங்கவேண்டுமாம். டென்ட்டும் வாங்கி, மொட்டை மாடியில் விரித்துப் பார்த்துவிட்டாள். அவளுக்கு மூன்று வாரம்தான் லீவு கிடைக்கும். எனக்குச் சர்க்கரை உண்டு, மாத்திரையில் கட்டுக்குள் இருக்கிறது. அவள் இரண்டு வருடமாகச் சைவம். எந்த மாதம் போகலாம், எங்கே டென்ட் போடலாம், எது ஆபத்து? எங்கள் இருவருக்கும் சண்டை வராமல் ஒரு வழி சொல்லுங்கள்.

பதில்: உங்கள் வீட்டு வழக்கில் பாதித் தீர்ப்பை அந்த மூன்று வாரமே எழுதிவிட்டது. மீகாங் திபெத் மேட்டில் பிறந்து, சீனா, மியான்மர், லாவோஸ், தாய்லாந்து, கம்போடியா, வியட்நாம் என்று ஆறு நாடுகளைத் தொட்டுப் போகும் ஆறு. நீளம், அளப்பவரைப் பொறுத்து 4,350 முதல் 4,900 கிலோமீட்டர். 1866 ஜூனில் சைகோனிலிருந்து இதே ஆற்றில் மேல்நோக்கிப் புறப்பட்ட பிரெஞ்சு ஆய்வுக் குழு திரும்பி வர இரண்டு வருடம் ஆயிற்று. தலைவர் துதார் தெ லக்ரே திரும்பவே இல்லை, யுன்னானில் இறந்துபோனார். ஆகவே முழு ஆறு வேண்டாம். கீழ்ப்பாதி போதும், அதுவே அதிகம்.

வடக்கு லாவோஸில் ஹுவாய் சாயிலிருந்து லுவாங் பிரபாங்குக்கு இரண்டு நாள் போகும் மெதுவான படகைப் பற்றி உங்கள் மகள் கேள்விப்பட்டிருப்பார். நல்ல பயணம்தான். நடுவில் பாக் பெங் என்ற ஊரில் ஓர் இரவு, இரண்டு பக்கமும் மலை. ஆனால் அதைச் சேர்த்தால், கீழே டெல்டாவில் இருக்கும் மித்தோவுக்கு ஒன்றரை நாள்தான் மிஞ்சும். அதை இன்னொரு வருடத்துக்கு ஒதுக்கிவையுங்கள். காதைப் பிளக்கும் சத்தத்தோடு ஹெல்மெட் மாட்டிக்கொண்டு போகும் வேகப்படகை மட்டும் எந்த வருடத்துக்கும் ஒதுக்கவேண்டாம்.

இனி டென்ட். உங்கள் மகளிடம் இந்தப் பகுதியைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

சில வருடங்களுக்கு முன், ஒரு டிசம்பர் கடைசியில், தெற்கு லாவோஸில் சம்பாசாக் ஊருக்குச் சற்று வடக்கே ஒரு திட்டில் நானும் டென்ட் போட்டேன். பொழுது சாயும் நேரம், ஆளரவமற்ற மணல், அக்கரையில் மலை. இதற்குத்தானே வந்தோம் என்று இருந்தது. விடிந்து வெளியே தலையை நீட்டினால் நான் படுத்திருந்தது நிலக்கடலைப் பாத்தி. ஒரு மூதாட்டி இரண்டு தகரப் பூவாளிகளைக் காவடிபோல் தோளில் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். திட்டவில்லை. டென்ட்டின் ஒரு மூலையைத் தூக்கி, அடியில் நசுங்கிக் கிடந்த செடிகளை ஒவ்வொன்றாக நிமிர்த்தி மண் அணைத்தார். பிறகு ஒரு பூவாளியை என் கையில் கொடுத்துவிட்டு, மற்றதை எடுத்துக்கொண்டு ஆற்றுக்கு இறங்கினார். ஒன்பது மணி வரை தண்ணீர் ஊற்றினேன்.

வெள்ளம் வடிந்ததும் வெளிப்படும் மணலும் வண்டலும் அந்த ஊர்க்காரர்களுக்குப் படுகை நிலம். கீரை, கடலை, புகையிலை எல்லாம் போடுவார்கள். எந்த வீட்டுக்கு எந்தத் துண்டு என்பது ஊருக்குள் எல்லாருக்கும் தெரியும், நமக்கு மட்டும் தெரியாது. நம் தென்பெண்ணைப் படுகையில் வெள்ளரி போட்டிருப்பவர் இடத்தில் ஓர் அந்நியர் வந்து டென்ட் அடித்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அந்த மூதாட்டி அளவுக்கு நாம் பொறுமை காட்டுவோமா என்பது சந்தேகம்.

அதனால் லாவோஸ் கரையில் ஒரே ஒரு விதி. கேட்காமல் படுக்காதீர்கள். கேட்கவேண்டிய ஆள் ஊர்த்தலைவர். அவரை அங்கே ‘நாய் பான்’ என்பார்கள். சிரிக்காமல் சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அவர், “மணலில் எதற்கு, என் வீட்டில் படுங்கள்” என்பார். அப்படிச் சொன்னால் சரி என்று விடுங்கள். பாயும் கொசுவலையும் தருவார்கள், காலையில் ஒட்டரிசிச் சோறு கிடைக்கும். வெளியூர்க்காரர் தங்கினால் பதிவு செய்வது அவர்கள் பொறுப்பு, அந்தச் சங்கடமும் தீர்ந்துவிடும்.

சங்கடத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று மண்ணுக்குள் இருக்கிறது. 1964 முதல் 1973 வரை அமெரிக்க விமானங்கள் லாவோஸ்மீது 20 லட்சம் டன்னுக்கு மேல் குண்டு போட்டன. கொத்துக் குண்டுகளிலிருந்து சிதறிய சிறு குண்டுகள் மட்டும் ஏறக்குறைய 27 கோடி. அவற்றில் 30 சதவீதம் வரை அப்போது வெடிக்கவில்லை. ‘பொம்பி’ என்று ஊரில் சொல்வார்கள். டென்னிஸ் பந்தளவுதான் இருக்கும். தெற்கு லாவோஸில் இன்றும் வயல் உழும்போது கிடைக்கிறது. கம்போடியாவின் கிழக்கு மாகாணங்களுக்கும் இதே கதி. ஆகவே ஆள் நடந்து தேய்ந்த பாதையை விட்டு விலகிக் கூடாரம் போடக்கூடாது, ஆணி அடிக்கக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாகத் தரையில் நெருப்பு மூட்டக்கூடாது. அடியில் புதைந்திருப்பது சூட்டில் வெடிக்கும், அப்படிப் பல பேர் செத்திருக்கிறார்கள். மணல் திட்டில் தீ மூட்டிச் சுற்றி உட்காரும் படங்களை உங்கள் மகள் பார்த்திருப்பார். அந்தப் படத்தை மறந்துவிடச் சொல்லுங்கள்.

மூன்றாவது, தண்ணீர். மேலே யுன்னானில் ஜிங்ஹோங் முதலான அணைகளும், 2019இல் திறந்த லாவோஸின் சயாபூரி அணையும் தண்ணீரைப் பிடிப்பதும் விடுவதுமாக இருப்பதால், வறண்ட மாதத்திலும் வடக்குப் பகுதியில் ஆறு ஒரே இரவில் ஏறிவிடுகிறது. தெற்கே வரவர இது தணியும், ஆனால் நம்பிவிட முடியாது. பழைய வெள்ளக்கோட்டுக்கு மேலே, கரையில் புல் தொடங்கும் இடத்தில்தான் படுக்கை.

2019 கடைசியில் தாய்லாந்தின் நக்கோன் பனோம் அருகே ஆறு கடல்போல நீலமாக மாறிற்று. சுற்றுலாப் பயணிகள் ஓடிப்போய்ப் படம் எடுத்தார்கள். மீனவர்கள் பயந்தார்கள். வண்டலெல்லாம் அணைக்குப் பின்னால் தங்கிவிட்டதால் வந்த நீலம் அது. வண்டல் இல்லாத தண்ணீர் கரையை அரிக்கும். இதைப் புதுச்சேரிக்காரருக்கு விளக்க வேண்டியதில்லை. 1980களின் கடைசியில் நம் துறைமுகத்துக்குக் கல்லைக் கொட்டி மணலின் வடக்கு நடையைத் தடுத்தோம். கடற்கரைச் சாலைக்கு முன்னால் இருந்த மணல் எங்கே போயிற்று என்று அதற்கு முன் பிறந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

அப்படியானால் வாங்கிய டென்ட் வீணா? இல்லை. தாய்லாந்துக் கரைக்குக் கொண்டுபோங்கள். அங்கே தேசியப் பூங்காக்களில் முறையாக டென்ட் போட இடமும் கழிப்பறையும் காவலரும் உண்டு. கையில் இல்லையென்றால் வாடகைக்கும் தருவார்கள். பாங்காக்கிலிருந்து உபோன் ராட்சதானிக்கு இரவு ரயில் இருக்கிறது. அங்கிருந்து கிழக்கே ஏறக்குறைய நூறு கிலோமீட்டரில் பா தேம் தேசியப் பூங்கா. செங்குத்துப் பாறை விளிம்பு, கீழே மீகாங், அக்கரையில் லாவோஸ். பாறையின் வயிற்றில் வரிசையாகப் பழங்கால ஓவியங்கள், 3,000 வருடத்துக்கு முந்தியவை என்கிறார்கள். கைத்தடங்கள், யானை, மீன்கூடு, கூடவே ஒரு பெரிய மீன். அதை மீகாங்கின் ராட்சதக் கெளுத்தி என்று சொல்வார்கள். கெளுத்தி என்றதும் நம் மீன் அங்காடியை நினைக்காதீர்கள். 2005இல் தாய்லாந்தின் சியாங் கோங்கில் பிடிபட்டது 293 கிலோ. பா தேமில் இரண்டு இரவு தங்குங்கள். மகளுக்கு டென்ட்டும் ஆயிற்று, சூரிய உதயமும் ஆயிற்று. தாய்லாந்திலேயே முதலில் விடியும் இடம் என்று அவர்களுக்கு அதில் ஒரு பெருமை.

டென்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை. மணலில் ஆணி நிற்காது. சிறு பைகளில் மணலை நிரப்பிப் புதைத்து, அதில் கயிற்றைக் கட்டவேண்டும். உள்கூடு முழுக்க வலையாக இருக்கட்டும், குளிர்நாட்டு டென்ட் என்றால் காலையில் உள்ளேயே மழை பெய்யும். முத்தியால்பேட்டை மொட்டை மாடியில் ஒரு ஐப்பசி இரவு அதில் முழுதாகப் படுத்துப் பாருங்கள். அதில் தூங்க முடிந்தால் எங்கேயும் தூங்கலாம். உபோனைத் தாண்டியதும் டென்ட்டுக்கு வேலை குறைந்துவிடும். கம்போடியாவிலும் வியட்நாமிலும் ஊரே தூளியில்தான் படுக்கிறது. டெல்டா சாலைகளில் தூளிக் காப்பிக்கடை என்றே தனி வகை உண்டு, ஒரு காப்பி வாங்கினால் மதியம் முழுக்க ஆடிக்கொண்டு கிடக்கலாம். கொசுவலை தைத்த தூளி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

மாதம்: நவம்பர் நடுவில் தொடங்கி ஜனவரி முடிய. ஜூனுக்கு மேல் ஆறு ஏறும். பிப்ரவரி, மார்ச்சில் வடக்கே காட்டையும் வயலையும் எரிப்பார்கள், மூச்சுத் திணறும் புகை. நவம்பர் பௌர்ணமிக்கு புனோம் பென்னில் இருக்க முடிந்தால் விட்டுவிடாதீர்கள். அதைப் பிறகு சொல்கிறேன்.

உபோனிலிருந்து சோங் மெக் எல்லை தாண்டினால் லாவோஸின் பாக்சே. அங்கிருந்து முப்பது சொச்சம் கிலோமீட்டர் தெற்கே சம்பாசாக். இங்கே உங்களுக்குத்தான் வேலை, மகளுக்கு இல்லை. மலையுச்சியில் இயற்கையாக நிற்கும் பாறைத் தூண் ஒன்றை லிங்கமாகக் கண்டு, அடிவாரத்தில் கட்டிய சிவன் கோயில் வாட் பூ. பக்கத்தில் கிடைத்த ஐந்தாம் நூற்றாண்டுச் சமஸ்கிருதக் கல்வெட்டு, குருக்ஷேத்திரம் என்ற பெயரில் அங்கே ஒரு தீர்த்தம் ஏற்படுத்தியதைச் சொல்கிறது. இன்று அது புத்தர் கோயில். பாறையிலிருந்து சொட்டும் ஊற்றுநீரை மக்கள் இன்னமும் தலையில் தெளித்துக்கொள்கிறார்கள். படிகள் செங்குத்து, வெயில் சுடுவதற்கு முன் ஏறிவிடுங்கள்.

அடுத்து சி பான் டோன். நாலாயிரம் தீவு என்று பொருள். டோன் கோன் தீவில் இரண்டு நாள் தங்குங்கள். பக்கத்தில்தான் கோன் பாபெங் அருவி. உயரத்தால் அல்ல, அகலத்தாலும் விழும் தண்ணீரின் அளவாலும் பெரியது. சைகோனிலிருந்து சீனா வரை கப்பல் விடலாம் என்ற பிரெஞ்சுக்காரர் கனவு முட்டி நின்ற இடம் இது. மனம் கேளாமல் 1893இல் தீவின் குறுக்கே தண்டவாளம் போட்டு, பீரங்கிப் படகுகளை அதில் ஏற்றி அருவிக்கு மேலே இழுத்துச் சென்றார்கள். 1910 வாக்கில் பாலம் கட்டி பக்கத்து டோன் டெட் வரை நீட்டினார்கள். மொத்தமே ஏழு கிலோமீட்டர். துருப்பிடித்த எஞ்சின் இன்னும் நிற்கிறது. பாலத்தின் மேல் சைக்கிளில் போகலாம்.

ஆனால் அந்தத் தீவுகளில் ஆற்றில் இறங்கிக் குளிக்காதீர்கள். அங்கிருந்து கம்போடியாவின் கிராச்சே வரை, நத்தை வழியாகப் பரவி மனிதத் தோலைத் துளைத்து நுழையும் ஒரு ரத்தப்புழு தண்ணீரில் உண்டு. வெதுவெதுப்பான ஓரத் தண்ணீர்தான் அதற்குப் பிடித்த இடம். சர்க்கரைக்காரரான நீங்கள் மணலில் வெறுங்காலோடு நடக்கவும் கூடாது. ஒரு கீறல் போதும். மீன் சாப்பிடுவீர்கள் என்றால் வெந்த மீன் மட்டும். எலுமிச்சை பிழிந்த பச்சை மீன் கலவையை அன்போடு நீட்டுவார்கள். பச்சை மீனில் இருக்கக்கூடிய ஈரல் புழுவை எலுமிச்சை கொல்லாது. அந்தப் புழுவால் பித்தநாளப் புற்றுநோய் அதிகம் வரும் பகுதி அது. ஒட்டரிசி வாய்க்கு நல்லது, ரத்தச் சர்க்கரைக்கு நல்லதல்ல. இரண்டு பிடியோடு நிறுத்துங்கள். தெற்கு லாவோஸ், வடகிழக்குக் கம்போடியா இரண்டிலும் மலேரியா இன்னும் இருக்கிறது, புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே மருத்துவரிடம் பேசிவிடுங்கள்.

மகளின் சைவத்துக்கு லாவோஸில்தான் கஷ்டம். பப்பாளிக்காய் சாலட்டிலும் ஊறவைத்த மீன்சாறு விழுந்திருக்கும். வியட்நாம் போனால் கவலையில்லை. ‘சாய்’ என்று பலகை போட்ட கடைகளில் சுத்தச் சைவம். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் பாதி ஊரே சைவம் சாப்பிடும், நம் வீடுகளைப் போலவே.

லாவோஸிலிருந்து கம்போடியாவுக்குத் தரை வழி. ஸ்டங் ட்ரெங் வழியாகக் கிராச்சே. (தாய்லாந்து, கம்போடியா எல்லையில் 2025இல் சண்டை மூண்டு தரைவழி அடைபட்டது. உங்கள் வழி அதைத் தொடாது. இருந்தாலும் கிளம்பும் வாரம் செய்தி பார்த்துக்கொள்ளுங்கள்.) கிராச்சேக்கு எதிரே கோ ட்ரோங் என்று ஒரு தீவு. வீடுகளில் தங்கலாம், மோட்டார் சத்தம் குறைவு, மகள் தூளியைக் கட்டிக்கொள்ள மரம் ஏராளம். வடக்கே பதினைந்து கிலோமீட்டரில் கம்பி என்று ஓர் ஊர். அங்கே ஐராவதி ஓங்கில்கள் மூச்சு விட மேலே வரும். மொத்த ஆற்றிலும் நூறை ஒட்டித்தான் மிஞ்சியிருக்கின்றன. நம் ஒடிசாவின் சிலிகா ஏரியில் இருப்பதும் இதே இனம்தான். துடுப்புப் படகு கேட்டு ஏறுங்கள்.

புனோம் பென்னில் தோன்லே சாப் ஆறு வந்து சேர்கிறது. மழைக்காலத்தில் மீகாங் அவ்வளவு ஏறுவதால், இந்தத் துணையாறு திரும்பி, தோன்லே சாப் ஏரியை நோக்கிப் பின்னால் ஓடும். 2,500 சதுர கிலோமீட்டர் ஏரி 15,000 வரை விரியும். மழை ஓய்ந்ததும் மறுபடி கடல் பக்கம் திரும்பும். அந்தத் திருப்பத்துக்குத்தான் நவம்பர் பௌர்ணமியில் படகுப் போட்டித் திருவிழா. கெமர் மொழியில் அந்த மாதத்தின் பெயர் ‘கடெக்’. நம் கார்த்திகைதான் அது.

அங்கிருந்து படகிலேயே வியட்நாமின் சௌ தொக் ஊருக்கு இறங்கலாம், நாலைந்து மணி நேரம். வழியிலேயே எல்லைச் சோதனை. லாவோஸ், கம்போடியா, வியட்நாம் மூன்று நாட்டு விசாவையும் இங்கிருந்தே இணையத்தில் எடுங்கள். ஆனால் இந்த மின்விசாக்கள் குறிப்பிட்ட எல்லைகளில்தான் செல்லும், உங்கள் எல்லை அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கட்டுங்கள். டாலர் நோட்டு மடிப்போ கிழிசலோ இல்லாமல் இருக்கட்டும். கம்போடியாவில் ஓரம் கிழிந்த நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

டெல்டாவில் டென்ட்டுக்கு இடமே கிடையாது. ஒவ்வோர் அடியும் நெல், மீன்குட்டை, தோட்டம், வீடு. தங்கும் வீடு உங்களைக் காவல் துறையில் பதிந்தாக வேண்டும், பதியாமல் எங்கேயோ படுப்பது வம்பு. 2025 ஜூலையில் மாகாணங்களை 63இலிருந்து 34ஆகச் சுருக்கிவிட்டார்கள். பழைய வரைபடத்தில் தியென் ஜியாங் மாகாணத்தில் இருக்கும் மித்தோ இப்போது தோங் தாப் மாகாணத்தின் தலைநகர். முன்பதிவு செய்யும்போது குழம்பாதீர்கள்.

சௌ தொக்கிலிருந்து கன் தோ போகும் வழியில் ஒரு நாள் ஓக் இயோவுக்குக் கொடுங்கள். வயல்வெளிதான், பார்க்கப் பெரிதாக ஒன்றுமில்லை என்று வழிகாட்டி சொல்வார். போங்கள். 1944இல் லூயி மல்லெரே என்ற பிரெஞ்சுக்காரர் அங்கே தோண்டினார், ரோமப் பேரரசர் அந்தோனினஸ் பயஸின் தங்கப் பதக்கம் கிடைத்தது. அடுத்த வருடம், 1945இல், மார்டிமர் வீலர் அரிக்கமேட்டில் தோண்டினார், ரோமானியப் பானையோடுகள் கிடைத்தன. இரண்டு இடத்திலும் ஒரே வகைக் கண்ணாடி மணிகள். கண்ணாடியைக் குழலாக இழுத்து நறுக்கும் அந்தத் தொழில்நுட்பம் அரிக்கமேட்டிலிருந்துதான் கிழக்கே போனது என்பது மணி ஆய்வாளர் பீட்டர் பிரான்சிஸின் கட்சி. அரிக்கமேட்டின் அரியாங்குப்பம் ஆற்றங்கரைக்கும் மீகாங் கரைக்கும் போக்குவரத்து உங்கள் தாத்தாவுக்குச் சுமார் 1,800 வருடம் முன்பே இருந்திருக்கிறது. கிளம்புவதற்கு முன் ஒரு ஞாயிறு அரிக்கமேட்டுக்குப் போய்வாருங்கள். உள்ளூரில் இருப்பதாலேயே நாம் யாரும் போவதில்லை.

கன் தோவில் காய் ராங் மிதக்கும் சந்தை, விடியற்காலை ஐந்து மணிக்கு. விற்கும் சரக்கை ஒரு மூங்கில் கழி நுனியில் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள், தூரத்திலிருந்தே தெரியும். சாலை வந்ததில் சந்தை இளைத்துவிட்டது.

இனி உங்கள் தாத்தா. 1859இல் சைகோன் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போயிற்று, 1862இல் ஒப்பந்தம் ஆயிற்று. பிரெஞ்சு பேசத் தெரிந்த குமாஸ்தாவும் காவலரும் அங்கே தேவைப்பட்டார்கள், புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கிடைத்தார்கள். 1881 செப்டம்பர் 21 ஆணைப்படி சாதி, சமயச் சட்டங்களைத் துறந்து, குடும்பப் பெயர் வைத்துக்கொண்டு, பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்கள் ‘ரெனோன்சான்’ ஆனார்கள். சைகோனில் அவர்களுக்கு வெள்ளையருக்குள்ள உரிமை பலவும் கிடைத்தது. உங்கள் குடும்பப் பெயர் பிரெஞ்சு ஒலியில் இருந்தால் தேடவேண்டியது ரெனோன்சான்களைப் பதிந்த பதிவேட்டைத்தான். தென்பிரான்சில் எக்ஸ் நகரத்தில் உள்ள கடல்கடந்த நாடுகளின் ஆவணக் காப்பகம், பிரெஞ்சிந்தியா, கொஷின்ஷின் (அன்றைய தெற்கு வியட்நாம்) இரண்டின் பிறப்பு, மண, இறப்புப் பதிவேடுகளைப் பெருமளவு இணையத்தில் ஏற்றியிருக்கிறது. மகளுக்கு இந்த வேலையைக் கொடுங்கள். டென்ட் போனதற்கு ஈடு.

கசப்பான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். துவான் என்றால் அங்கே சுங்கம் மட்டுமல்ல. உப்பு, சாராயம், அபின் மூன்றின் அரசாங்க ஏகபோகமும் அதே இலாகாவிடம் இருந்தது. வீட்டில் காய்ச்சிய அரிசிச் சாராயத்தைத் தேடிக் குடிசைக்குள் புகுந்தவர்கள் அவர்கள். சந்தை வரி, ஓடத்துறை வரியைக் குத்தகை எடுத்தவர்களிலும் நம்மவர் இருந்தார்கள். வட்டிக்கடை வைத்த நகரத்தார் தனி. நத்தாஷா பெரோதோ எழுதி 2016இல் வந்த நூலில் இந்த மக்களின் வரலாறு விரிவாக இருக்கிறது. வியட்நாமியர் இந்தியரைச் ‘சா வா’ என்பார்கள். ஜாவா என்ற சொல்லின் திரிபு. சைகோனில் அந்தப் பெயரில் ஒரு பாலமே இருக்கிறது. உங்கள் தாத்தா நல்லவராகவே இருந்திருக்கலாம், அவர் போட்டிருந்த உடுப்பை ஊர் எப்படிப் பார்த்தது என்பது வேறு கணக்கு. மித்தோவில் யாராவது முதியவர் படத்தைப் பார்த்துவிட்டு மௌனமாகத் திருப்பிக் கொடுத்தால் வருத்தப்படாதீர்கள். சாயோ என்று நாம் புதுச்சேரியில் சுருட்டிப் பொரிப்பதை அவர்கள் சாப்பாட்டுத் தட்டில் பார்த்துவிட்டு, “இது எங்கள் ஊரில் உண்டு” என்று சொல்லிப் பாருங்கள், பேச்சு தொடங்கிவிடும்.

மித்தோவுக்கு 1885இலேயே சைகோனிலிருந்து ரயில் போட்டார்கள், இந்தோசீனாவின் முதல் ரயில். உங்கள் தாத்தா அதில்தான் வந்து இறங்கியிருப்பார். 1950களின் கடைசியில் அதை நிறுத்திவிட்டார்கள். இப்போது சாலையில் இரண்டு மணி நேரம். மித்தோவை முடித்துக்கொண்டு சைகோன் போங்கள். துருவோங் தின் தெருவில் மாரியம்மன் கோயில். வியட்நாமியப் பெண்கள் கருங்கல் சுவரில் நெற்றியை வைத்து முணுமுணுத்து வேண்டிக்கொள்வதைப் பார்க்கலாம். தோன் தாட் தியெப் தெருவில் நகரத்தார் கட்டிய தண்டாயுதபாணி கோயில். விமானம் அங்கிருந்தே ஏறுங்கள், திரும்பி பாங்காக் போகவேண்டாம்.

படத்தின் அசலை எடுத்துப் போகாதீர்கள், பெரிதாக நகல் எடுங்கள். எடுக்கும்போது தாத்தாவின் தோளுக்குப் பின்னால் தண்ணீரைத் தாண்டி ஒரு மரக்கோடு தெரிகிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். மித்தோ நகரம் ஆற்றின் வடகரையில் இருக்கிறது. எதிரே டிராகன், கிலின், ஆமை, பீனிக்ஸ் என்று பெயர் வைத்த நாலு தீவுகள். நகரத்துக்கு மிக அருகில் இருப்பது டிராகன் தீவு. மரக்கோடு பக்கத்தில், தடித்துத் தெரிந்தால் அந்தத் தீவுக்கு நேரே நின்று எடுத்த படம். தெற்கே பார்த்து நிற்கும்போது இடப்பக்கம் கிழக்கு. நிழல் வலப்பக்கம் விழுந்திருந்தால் காலை வேளை. அந்த நேரத்துக்கு, நகலைக் கையில் வைத்துக்கொண்டு கரையோரச் சாலையில் மேற்கிலிருந்து கிழக்காக நடந்துபோங்கள். தீவின் முனை படத்தில் இருப்பதுபோல் வந்து பொருந்தும் இடத்தில் நில்லுங்கள். கேமரா மகளிடம் இருக்கட்டும். வெள்ளைச் சட்டை ஒன்று எடுத்துப் போங்கள்.